நீலக் கார்பெட்டைக் கிழித்த ஞாயிறுகள்

ஒருகொடவத்தையில் நான் வேலை செய்த லொறி டிப்போவுக்கு ஒரு திங்கட்கிழமை பழைய சாமான்கள் வந்து இறங்கின. ஏதோ ஒரு கொம்பனி தன் களஞ்சியத்தை மூடுகிறதாம். வேண்டாததையெல்லாம் எங்கள் வளவில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். இரும்பு அலுமாரிகள், கால் உடைந்த மேசைகள், அவற்றுக்குப் பின்னால் துருப்பிடித்த ட்ரெயிலர் ஒன்றின்மேல் ஒரு வெள்ளை ஃபைபர் படகு. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். தரை முழுக்க நீலக் கார்பெட். பின்மூலையில், மீன் போடும் பெட்டிக்குப் பக்கத்தில், கபில நிறத்தில் ஒரு கறை.

அந்தக் கறையை எனக்குத் தெரியும். எத்தனையோ சனிக்கிழமைகள் முழங்காலில் நின்று தும்புப் பிரஷால் அதைத் தேய்த்தவன் நான்.

படகு என்னுடைய பழைய முதலாளியுடையது. எப்போதோ அந்தக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு மறந்திருக்க வேண்டும். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், ஆனால் கொழும்பிலேயே வளர்ந்து ஆங்கிலத்தில் கனவு காண்கிறவர். அவருடைய கந்தோரில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, "தம்பி, நீர் கொஞ்சம் நுணுக்கமான ஆள் போல. சனிக்கிழமையில ஒருக்கா வந்து போட்டைத் துப்பரவாக்கித் தாரும்" என்றார். பட்டதாரி, கணக்காளன் என்றெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் போதாது, குழாயடியில் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கார்பெட் வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். மீன் இரத்தம் மட்டும் அதில் சிந்தலாம். அது அவர் பிடித்த மீன்.

இதற்கெல்லாம் யாரும் பழி வாங்க நினைக்கமாட்டார்கள். நானும் நினைக்கவில்லை.

பிறகு ஒரு விடியற்காலை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு நடந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த தமிழ் ஆண்களையெல்லாம் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். யுத்த காலம், அது அப்போது புதிய விஷயமில்லை. வேலை செய்கிற இடத்துக்கு ரெலிபோன் எடுப்பார்கள். "ஓம், எங்கட ஆள்தான்" என்று அங்கிருந்து ஒருவர் சொன்னால் மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்ற வங்கிக்காரரை அப்படித்தான் விட்டார்கள். என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் என் முன்னாலேயே நம்பரைச் சுழற்றினார். முதலாளியின் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. சிங்களத்தில் இரண்டு வசனம். இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பெயரில் யாரையும் தனக்குத் தெரியாதாம்" என்றார்.

அந்த வருட மாரிகாலம் முழுவதும் நான் உள்ளே இருந்தேன். என்ன நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது என் மனைவிக்கு நடந்ததை.

அவள் முதலாளியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறாள். ஒரு கடிதம் தந்தால் போதும் என்று பொலிசில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஐயா மீன் பிடிக்கப் போய்விட்டார், வரப் பிந்தும் என்று வேலைக்காரப் பெண் கேற்றுக்குள் இருந்தே சொல்லிவிட்டாள். இவள் வெளியே மதிலோடு நின்றாள். மழை தூறியது. குடை இருந்தது, ஆனால் இருக்க இடமில்லை. பொழுது சாயும் நேரம் ஜீப் வந்தது, பின்னால் ட்ரெயிலரில் படகு. முன் ஆசனத்தில் முதலாளி. அவர் இவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார் என்று இவள் சொல்வாள். ஜீப் நிற்கவில்லை. படகும் இவளைக் கடந்து உள்ளே போனது. கேற் மூடியது.

நான் வெளியே வந்தபோது வேலை இல்லை. உள்ளே இருந்துவிட்டு வந்தவனை எடுக்க யாருக்கும் துணிவும் இல்லை. டிப்போ வைத்திருந்த முஸ்லிம் மனிதர்தான் எடுத்தார். அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "லொறி எப்ப போகுது, எப்ப வருதுண்டு பாத்துக்கங்க, அது போதும்" என்றார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்றே கூப்பிட்டேன்.

இப்போது அந்தப் படகு என் வேலைத்தளத்தில் நிற்கிறது. அன்றைக்குப் பின்னேரம் நானாவிடம் கேட்டேன், அதை நான் எடுக்கலாமா என்று.

"தாராளமா எடுங்க தம்பி, எடத்த அடச்சிக்கிட்டு நிக்கிது. ஆனா ஒங்களுக்கு எதுக்கு போட்? நம்மள கடலுக்குப் போக வுடுவானுகளா?"

"கடலுக்கில்லை நானா. ஏரிக்கு."

"தரையெல்லாம் உக்கிக் கெடக்கே."

"நானே செய்வன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். படகைப் பற்றியல்லாத ஏதோ ஒன்று அதில் தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு லொறிப் பக்கம் போனார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினில் இருந்தாள். வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு அவள்தான் பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். காலை மெஷினில் இருந்து எடுக்காமலே கேட்டாள்.

"அந்த போட்தானோ?"

"அதே போட்."

"நானும் வாறன்."

அடுத்த ஞாயிறு டிப்போவில் லொறிகள் ஓடவில்லை. அவள் பழைய சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையில் இருந்த பிளேட் கத்தியை வாங்கினாள். செருப்போடு ஏறினாள். கதிரைகளின் ஆணிகளை நான் கழற்றி முடிக்கும்வரை கூடப் பொறுக்கவில்லை. முன்பக்கத்தில் கார்பெட்டின் விளிம்பைக் கிளப்பி, கத்தியை விட்டு, ஒரே இழுவையில் பின்பக்கம் வரை கிழித்தாள். துணி கிழிகிற சத்தம் இல்லை அது. தோலை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். தூசியும் பழைய மீன் நாற்றமும் கிளம்பின. அவள் தும்மினாள், மூக்கைத் தோளில் துடைத்தாள், அடுத்த கிழிவைத் தொடங்கினாள்.

"கவனம், துண்டு துண்டாப் போனா அளவு எடுக்கேலாது" என்றேன். புதியதை வெட்டுவதற்குப் பழையதுதான் மாதிரி.

"எனக்குத் தெரியும் எங்க வெட்டுறதெண்டு" என்றாள். தெரிந்துதான் வெட்டியிருந்தாள். கீழே நிலத்தில் துண்டுகளை விரித்துச் சேர்த்தபோது பிளவுஸ் துண்டுகள்போல ஒன்றோடு ஒன்று பொருந்தின. அளவெல்லாம் கடுதாசியில் கீறிய பிறகு, கறை இருந்த மூலையை மட்டும் அவள் சதுரமாக வெட்டி எடுத்தாள். எங்கள் ஃபிளாற்றின் வாசலில் அது கால் துடைக்கிற துண்டாகக் கிடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் "நல்லாத் துடைச்சிட்டு வாங்கோ" என்பாள்.

கார்பெட்டை உரிப்பது சுலபம். அதன் அடியில் இருந்த ஸ்பொன்ஞ்சும் பசையும்தான் உயிரை வாங்கின. தின்னர் ஊற்றி, ஊறவிட்டு, பட்டை உளியால் சுரண்ட வேண்டும். சுரண்டச் சுரண்ட அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, அது நல்ல உதவியாக இருந்தது. கை ஓயும்போதெல்லாம் ரிசீவரில் கேட்ட குரலை நினைப்பேன். கை தானாக வேகம் எடுக்கும். நாலைந்து ஞாயிறுகள் அப்படிப் போயின. விரல் நுனிகளில் தோல் உரிந்தது. தின்னர் மணத்தில் தலை இடித்தது. ஆனால் உள்ளே இருந்து வந்த பிறகு அந்த நாட்களில்தான் நான் இரவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பின்பக்கத்துப் பலகை உக்கியிருந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது. மேலே கார்பெட் பளிச்சென்று இருக்க, அடியில் தண்ணீர் நின்று பலகையைத் தின்றிருக்கிறது. முதலாளி ஒருநாளும் அதைக் கிளப்பிப் பார்க்கவில்லை. உக்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, படகுக்கென்று விற்கிற நல்ல பிளைவுட் போட்டு, மூட்டுகளில் ஃபைபர் துணியும் ரெசினும் பூசினேன். மழை வராமல் இருக்கத் தார்ப்பாய் கட்டிக் காயவிட்டேன்.

புதிய கார்பெட்டைப் புறக்கோட்டையில் எடுத்தோம். மண் நிறம். நீலம் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். சுருளைத் திரீவீலரின் மேலே கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை வழியாக வரும்போது செக் பொயின்றில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தவுடனே சுருளை அவிழ்க்கச் சொன்னார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். நடுரோட்டில் முழுவதையும் விரித்தேன். ஒரு சிப்பாய் பூட்ஸோடு அதன் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்தான், குனிந்து தட்டிப் பார்த்துக்கொண்டே. பசை ரின்னைத் திறந்து மணந்தான். எதற்கு என்று கேட்டான். படகுக்கு என்றேன் சிங்களத்தில். தமிழனுக்கு என்ன படகு என்றான். பிறகு போகச் சொன்னான்.

வெய்யிலில் நின்று அதைத் திரும்பச் சுருட்டும்போது எனக்கு அந்தச் சிப்பாய்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு என்னைத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. என் கோபம் முழுவதையும் நான் வேறு ஒருவருக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

கார்பெட்டை ஒரு நாள் முழுக்கப் படகில் சும்மா விரித்து வெய்யிலில் விட்டோம், மடிப்புகள் இளகட்டும் என்று. விளிம்பில் கொஞ்சம் கூட விட்டுத்தான் மனைவி வெட்டினாள். பாதியை மடித்து, தரையில் பசையைப் பல்லு வைத்த பூச்சுக் கரண்டியால் இழுத்து, கார்பெட்டை மெல்ல இறக்கினோம். நடுவில் இருந்து ஓரத்துக்கு அவள் சப்பாத்தி உருட்டும் கட்டையால் உருட்டிக்கொண்டு போனாள். காற்று நின்றால் குமிழ் விடும். பிறகு மற்றப் பாதி. ஓரங்களைப் புது பிளேட் மாற்றி மாற்றி வெட்டினேன். கதிரைக்கு ஆணி போகிற இடங்களில் துளைக்கப் போனபோது கார்பெட் நூல் முழுவதும் துளைகருவியில் சுற்றிக்கொண்டு ஒரு கோடாக உரிந்து வந்தது. அந்தக் கோடு இப்போதும் கதிரைக்குக் கீழே இருக்கும். அதற்குப் பிறகு கம்பியை நெருப்பில் பழுக்கவைத்து முதலில் துளையைச் சுட்டு, பிறகுதான் துளைத்தேன்.

முடிந்த அன்று அவள் வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஒரு சின்ன ஏமாற்றம் அவள் குரலில் இருந்ததுபோல எனக்குப் பட்டது. கிழிக்க இனி ஒன்றும் இல்லை.

மொரட்டுவைப் பக்கம் ஏரிக்கரையில் நானாவுக்குத் தெரிந்த ஒரு மர ஆலை இருந்தது. அதன் பின்னால் படகைக் கட்டினோம். பழைய எஞ்சின் இன்னும் ஓடியது. ஞாயிறுகளில் பஸ்ஸில் போய், தூண்டில் போட்டு, பொழுது சாயுமுன் திரும்பினோம்.

அங்கேதான் முதலாளியின் கார் றைவர் எங்களைக் கண்டார். நல்ல சிங்கள மனிதர், முன்பு கந்தோரில் என்னோடு தேத்தண்ணி குடித்தவர். படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை டிப்போவுக்கு ரெலிபோன் வந்தது.

"தம்பி, நீர்தானாம் எங்கட போட்டைத் திருத்தினது" என்றது அந்தக் குரல். நேற்றுத்தான் பிரிந்ததுபோலச் சாதாரணமாக. "நான் அடுத்த மாசம் பிள்ளைகளிட்டை ஒஸ்ரேலியாவுக்குப் போறன். போக முன்னம் ஒருக்கா ஏறிப் பாக்க ஆசையாக்கிடக்கு."

"வாங்கோ சேர்" என்றேன்.

மனைவியிடம் சொன்னபோது, தான் வரவில்லை என்றாள். "நீங்கள் மட்டும் போங்கோ. எனக்கு அந்தாளின்ரை முகத்தைப் பாக்கேலாது." சற்றுப் பொறுத்து, "சும்மா ஏத்தி இறக்கிவிட்டுட்டு வரவேண்டாம்" என்றாள்.

அவர் வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், மற்றபடி அதே மனிதர். இறங்குதுறையில் நின்று படகைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் சொன்னேன்: "சேர், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ. புதுக் கார்பெட்." அவர் சிரித்தார். அது தன்னுடைய சட்டம் என்று நினைத்து மகிழ்ந்தார் போல. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி இறங்குதுறையில் ஒழுங்காக வைத்தார். காசும் அடையாள அட்டையும் இருந்த தோல் பையை நனைந்துவிடும் என்று றைவரிடம் கொடுத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏரி அமைதியாக இருந்தது. அவர் கதிரையில் சாய்ந்து, பாதத்தால் கார்பெட்டைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேலை. ஆரைக் கொண்டு செய்வித்தனீர்?"

"நானும் மனிசியும்."

"அப்படியே!"

நடு ஏரிக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தினேன். இவ்வளவு காலமும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த கேள்வி, வாய்க்கு வந்தபோது மிகச் சிறியதாகத்தான் இருந்தது.

"சேர், அண்டைக்குப் பொலிசில இருந்து ரெலிபோன் வந்தது. ஏன் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

மறந்துவிட்டேன் என்பார், அல்லது தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தடுமாறவே இல்லை.

"ஓம், சொன்னனான்" என்றார். "தெரியுமெண்டு சொன்னா அடுத்ததா என்ன கேப்பாங்கள்? கந்தோருக்கு வந்து எல்லாத்தையும் கிண்டுவாங்கள். எத்தினை பேர் என்னை நம்பி இருந்தவை. உமக்காக அவ்வளவு பேரையும் நான் மாட்டிவிடேலுமே? இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."

அதில் நியாயம் ஒரு துளி இருந்திருக்கலாம். நான் யோசித்துப் பார்த்தேன், உண்மையாகவே யோசித்தேன். பிறகு மற்றதைக் கேட்டேன்.

"என்ரை மனிசி உங்கட வாசலில நிண்டவ."

"கண்டனான்" என்றார். "அழுதுகொண்டு நிக்கிற ஆக்களை ஒருக்கா உள்ளுக்கு எடுத்தா பிறகு ஒவ்வொரு நாளும் வருவினம், தம்பி. உமக்கு அது விளங்காது."

"அவ அழேல்லை" என்றேன்.

அவர் தோளை அசைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். நான் எஞ்சினை இழுத்து ஸ்ரார்ட் செய்தேன்.

"எங்கை போறீர்?"

"அங்காலைக் கரையில நல்ல மீன் இருக்கு சேர்."

மறுகரையில் வீடுகள் தள்ளித்தான் இருக்கும். கண்டல் மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு மண் இறக்கம், அங்கிருந்து கூரான கல்லுக் கிரவல் பாதை ஒன்று பெரிய ரோட்டுக்குப் போகும். ரோட்டில் பாலத்தடியில் செக் பொயின்ற். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். முன்பக்கத்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

"சேர், ஒருக்கா இறங்கி அந்த மரத்தில கட்டிவிடுங்கோ. நான் எஞ்சினைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கயிறு கட்ட இறங்கியிருப்பார். வேட்டி உடுத்தவர்போலக் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வைத்தார். கயிற்றின் என் பக்கத்து முனையை நான் ஏற்கனவே கழற்றியிருந்தேன். படகைப் பின்னுக்கு எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தபோது கயிறு கையில் இருந்தது, படகு இல்லை.

"தம்பி! என்ன இது? ஏய்! சப்பாத்து..."

நான் எஞ்சினைக் கூட்டினேன். சொல்வதற்கென்று வைத்திருந்த வசனங்கள் எல்லாம் அந்த நேரம் தேவையற்றுப் போயின. அவர் கையை அசைத்து ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திரும்பியிருக்கமாட்டேன்.

இந்தப் பக்கம் வந்தபோது றைவர் காரில் ஆசனத்தைச் சாய்த்துவிட்டு நித்திரை. நான் எழுப்பவில்லை. படகைக் கட்டினேன், கார்பெட்டில் அவர் கால் வைத்த இடத்தைக் கழுவினேன், மர ஆலைக் காவல்காரர் தந்த தேத்தண்ணியை இருந்து குடித்தேன். மெல்ல மெல்லக் குடித்தேன். றைவர் தானாக விழித்து வந்து, மாத்தயா எங்கே என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்" என்றேன்.

அவர் இறங்குதுறையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். தன் கையில் இருந்த தோல் பையைப் பார்த்தார். பிறகு என்னை. என் கதை அவருக்குத் தெரியும். சப்பாத்தை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். ஏரியைச் சுற்றிப் போக அதிக நேரம் எடுக்கும். அவர் பெரிதாக அவசரப்பட்டதாகவும் தெரியவில்லை.

பின்னர் அவர் சொல்லித்தான் மிச்சம் தெரியும். முதலாளியைச் செக் பொயின்றில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லை, காலில் சப்பாத்து இல்லை, கையில் கயிறு. தான் யார் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார், சிங்களத்திலும் சொல்லியிருக்கிறார். மணல்மூடைக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டார்கள். றைவர் அட்டையோடு போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கால் கிழிஞ்சிருக்குமோ?"

"கிரவல் பாதை. கட்டாயம் கிழிஞ்சிருக்கும்."

"சரி" என்று எழுந்து போய்ச் சோற்றைப் போட்டாள். அன்றைக்கு அவள் வழமையைவிடக் கூடச் சாப்பிட்டாள். நானும்தான்.

அவர் பொலிசுக்குப் போவார், என்னைத் திரும்ப உள்ளே போடுவிப்பார் என்று சில நாட்கள் பயந்துகொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. சொன்ன மாதிரியே அடுத்த மாசம் ஒஸ்ரேலியாவுக்குப் போய்விட்டார்.

கோபம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அழகாக இருக்கும். தீரவில்லை. ஒரு மாரிகாலத்துக்கு ஒரு பின்னேரம் எந்தத் தராசிலும் நிற்காது. வயதுபோன மனிதனை அப்படிச் செய்யலாமா என்று இந்தக் கதையைக் கேட்டவர்களில் சிலர் கேட்டிருக்கிறார்கள். செய்யலாம். இன்னொரு முறை சந்தர்ப்பம் கிடைத்தால் இன்னும் தள்ளி இறக்கிவிடுவேன்.

படகு அதற்குப் பிறகும் சில காலம் எங்களிடம் இருந்தது. புதுக் கயிறு ஒன்று வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.